டெலிவரி தாமதத்துக்கு 27 காரணம் எழுதி வைத்திருக்கிறோம், எதை முதலில் எடுப்பது?

கேள்வி, மார்ச் 4

தொழிற்சாலைகளுக்கு இயந்திர உதிரி பாகங்கள் அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. கொஞ்ச காலமாக டெலிவரி தாமதம் தாங்க முடியவில்லை. எல்லாத் துறையினரையும் உட்கார வைத்து, ஒரு பிரச்சினையின் காரணங்களைக் கிளை கிளையாக எழுதும் மீன்முள் வரைபடம் போட்டோம், 27 காரணம் வந்தது. தாக்கத்தின்படி வரிசைப்படுத்திக் கொடுங்கள் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டு என்று வைத்தோம். 'ஊழியர்களுக்குப் பயிற்சி போதாது' முதலிடம், 'துறைகளுக்கிடையே தகவல் பரிமாற்றம் சரியில்லை' இரண்டாமிடம். இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை யார் என்ன செய்வது என்றே புரியவில்லை. ஓட்டுப் போட்டு முடிவெடுப்பது சரியா? வேறு எப்படி வரிசைப்படுத்துவது?

மார்ச் 4, இரவு

ஓட்டு தாக்கத்தை அளக்காது. யாருக்கு எது சட்டென்று நினைவுக்கு வருகிறது, எதைச் சொன்னால் அறையில் யாருக்கும் மனவருத்தம் வராது, இதைத்தான் அளக்கும். 'பயிற்சி போதாது' என்பது நான் உட்கார்ந்த இப்படிப்பட்ட கூட்டங்களில் பெரும்பாலும் மேலே வந்திருக்கிறது, ஏனென்றால் பயிற்சி தேவைப்படுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார்கள். கடன் வரம்பு அனுமதிக்காக ஆர்டர் நாள்கணக்கில் கிடக்கிறது என்று ஒருவர் எழுத நினைத்தாலும், அந்த அனுமதியைக் கொடுக்கும் மேனேஜர் எதிரே உட்கார்ந்திருப்பார், கை தயங்கும்.

இன்னொன்று. பயிற்சி போதாது என்பதைக் காரணமாகவே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அது ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் தீர்வைத் திருப்பிப் போட்டு எழுதியது. பயிற்சி இல்லாததால் என்ன நடந்தது? தவறான பாகத்தை எடுத்தார்களா, தாமதமாக எடுத்தார்களா, எடுத்ததைப் பதிவு செய்யாமல் விட்டார்களா? அந்த நிகழ்வை எழுதுங்கள். நிகழ்வாக எழுதினால் எண்ணலாம், எண்ணினால்தான் வரிசைப்படுத்தலாம். 27-ஐயும் இப்படித் திருத்தி எழுதிப் பாருங்கள், பாதி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

மார்ச் 5

எண்ணலாம் என்று நேற்று எழுதியது பாதிதான். எதை எண்ணுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

காரணங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பரேட்டோ சார்ட் எல்லாருக்கும் தெரியும்: காரணத்துக்கு ஒரு தூண், உயரமான தூண் இடப்பக்கம், குட்டையானது வலப்பக்கம், மேலே கூட்டுச் சதவீதக் கோடு. அந்தத் தூணின் உயரம் எதைக் காட்டுகிறது? எத்தனை முறை நடந்தது என்பதையா, எவ்வளவு நஷ்டம் என்பதையா? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் சரக்குக்கு மாதாமாதம் இந்தச் சார்ட் போடுவார்கள். எப்போதும் 'தவறான லேபிள்' முதலிடம். லேபிள் அச்சடிக்கும் இடத்தை மாற்றினார்கள், ஸ்கேனர் வாங்கினார்கள், எண்ணிக்கையும் குறைந்தது, ஆனால் திருப்பி அனுப்பிய சரக்குக்காகக் கொடுத்த கிரெடிட் நோட்டுகளின் மொத்தத் தொகை அசையவே இல்லை. பிறகு அதே பதிவுகளை எடுத்து, எண்ணிக்கைக்குப் பதிலாகக் கிரெடிட் நோட் தொகை, திரும்பி வந்த லாரி வாடகை, மறுபடி செய்த செலவு மூன்றையும் கூட்டித் தூண் போட்டோம். 'பழைய வரைபடத்தை வைத்துச் செய்தது' என்று ஒரு காரணம், எண்ணிக்கையில் கடைசிக்குப் பக்கத்தில் கிடந்தது, தாவி முதலிடத்துக்கு வந்தது. லேபிள் தவறினால் ஒரு பெட்டி திரும்பி வரும், புது லேபிள் ஒட்டி மறுநாள் அனுப்பிவிடலாம். வரைபடத்தின் பழைய பதிப்பை வைத்துச் செய்தால் முழு லாட்டும் ஸ்கிராப்.

ஆக, ஒரே தரவில் குறைந்தது இரண்டு சார்ட் போடுங்கள், ஒன்று எண்ணிக்கையில், ஒன்று நஷ்டத்தில். இரண்டிலும் முதலிடத்தில் இருப்பது ஒன்றே என்றால் பேச்சே இல்லை, அதை எடுங்கள். வேறு வேறு என்றால் நான் நஷ்டத்தின் பக்கம் போவேன்.

80-20, அதாவது 20 சதவீதக் காரணங்களால்தான் 80 சதவீதப் பாதிப்பு வரும் என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அதைச் சட்டம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோ 1890களில் ஆராய்ந்தது செல்வமும் வருமானமும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதை, தொழிற்சாலைக் குறைகளை அல்ல. அவர் பெயரைத் தரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் தர மேலாண்மை நிபுணர் ஜோசப் ஜுரான். சிலவற்றில் பெரும்பகுதி குவியும் என்பதை எல்லாத் துறைக்கும் பொதுவாக்கியது தான்தான், பரேட்டோ அல்ல என்று ஜுரானே 1975-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்தக் கூட்டுச் சதவீதக் கோடுகூட 1905-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மேக்ஸ் லோரென்ஸ் போட்ட வகையைச் சேர்ந்தது. உங்கள் தரவில் 60-30 ஆக இருக்கலாம், எல்லாத் தூணும் ஏறக்குறைய ஒரே உயரமாகவும் இருக்கலாம். ஒரே உயரமாக வந்தால் பெரும்பாலும் நீங்கள் காரணங்களைப் பிரித்த விதம்தான் சரியில்லை. துறைவாரியாகப் பிரித்திருந்தால் பொருள்வாரியாக, வாடிக்கையாளர்வாரியாக, வாரநாள்வாரியாக மாற்றிப் பிரித்துப் பாருங்கள்.

மார்ச் 5, சற்றுக் கழித்து

ஆர்பிஎன் (ஆபத்து முன்னுரிமை எண்) போடலாமே என்று கேட்டவருக்கு. பாதிப்பின் தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்க முடியாமை என்று மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்குவது. இந்த எண் வரும் எஃப்எம்இஏ, அதாவது எது எப்படிப் பழுதாகும், அதனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராயும் முறை, அமெரிக்க ராணுவத்தில் 1949-ல் ஆரம்பித்து விண்வெளித் திட்டம், கார்த் தொழில் என்று பரவியது. நல்ல ஒழுங்கு அது, எந்த இடத்தில் எது பழுதாகலாம் என்று வரிசையாக யோசிக்க வைக்கும். பெருக்கல்தான் பிரச்சினை. தீவிரம் 10, மற்ற இரண்டும் 2, 2 என்றால் 40. தீவிரம் 4, மற்றவை 4, 3 என்றால் 48. ஆளுக்கே ஆபத்தான ஒன்று, லேசான எரிச்சலுக்குக் கீழே போய்விடுகிறது. 1-லிருந்து 1000 வரை என்று சொன்னாலும் உண்மையில் வரக்கூடிய மதிப்புகள் 120 மட்டுமே, நடுவில் நிறைய ஓட்டை. கார்த் தொழிலின் பொதுக் கையேட்டில் 2019-ல் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டுத் தீவிரத்துக்கு முதல் இடம் கொடுக்கும் அட்டவணையை வைத்துவிட்டார்கள். நீங்களும் மதிப்பெண் போடுவதானால் பெருக்காதீர்கள். முதலில் தீவிரத்தைப் பாருங்கள், சமமாக இருந்தால் மற்றதைப் பாருங்கள்.

மார்ச் 7

ஆர்பிஎன் பற்றி எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. நஷ்டத் தொகையில் சார்ட் போடச் சொன்னேன், அது இதுவரை நடந்ததை மட்டும்தான் காட்டும். ஒரு முறைகூட நடக்காதது, நடந்தால் கடையையே மூட வைப்பது, அந்தச் சார்ட்டில் தூணே இல்லாமல் இருக்கும்.

நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புது மென்பொருளை எட்டு சர்வரில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏறியது. எட்டாவதில் பல வருடமாகப் பயன்படுத்தாத பழைய நிரல் கிடந்தது, அது விழித்துக்கொண்டு நிற்காமல் ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. ஆனால் அவற்றை எச்சரிக்கையாகப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

'மென்பொருள் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்ப்பதில்லை' என்று முந்தைய மாதம் யாராவது பட்டியலில் எழுதியிருந்தால் அதுவரை அதனால் வந்த நஷ்டம் என்று பெரிதாக எதைக் காட்டியிருக்க முடியும்? பட்டியலின் அடியில் கிடந்திருக்கும். அதனால் இரண்டு பட்டியல் வையுங்கள். தினமும் கசிகிறவை ஒன்றில், அரிதாக வந்து மூழ்கடிப்பவை இன்னொன்றில். இரண்டையும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது, ஏனென்றால் இரண்டாவது பட்டியல் எந்த மாதக் கணக்கிலும் ஜெயிக்காது. அதில் இருப்பதற்குக் கேட்க வேண்டிய கேள்வியும் வேறு: நடந்தால் எழுந்து நிற்க முடியுமா? முடியாது என்றால் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்ற விவாதத்துக்குள்ளேயே போகமாட்டேன்.

மார்ச் 8

இதுதான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம், ஆனால் மேலே உள்ளது இல்லாமல் இது புரியாது.

காரணங்களின் பங்கைக் கூட்டினால் நூறு சதவீதம் வரும் என்று சார்ட் நம்மை நினைக்க வைக்கிறது. வராது. ஒரு ஆர்டர் தாமதமாக இரண்டு விஷயம் சேர்ந்து நடக்க வேண்டியிருந்தது என்றால், உதாரணமாக இருப்புக் கணக்கு தப்பாக இருந்து, அதோடு சப்ளையரும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார் என்றால், அந்தத் தாமதத்தை எந்தப் பக்கம் எழுதுவது? பாதி பாதியாகப் பிரித்தால் தப்பு. இரண்டில் ஏதாவது ஒன்றை நீக்கினாலே முழுத் தாமதமும் போய்விடும். அதாவது இரண்டுக்குமே முழுப் பங்கு உண்டு, எது சுலபமோ அதை எடுத்தால் போதும். இருப்பைச் சரியாக எண்ணுவது உங்கள் கையில் இருக்கிறது, சப்ளையர் உங்கள் கையில் இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு, அதுதான் ஏமாற்றும். பேக்கிங் இரண்டு நாள் தாமதம், லாரி கிடைக்க இரண்டு நாள் தாமதம், ஆனால் இரண்டும் ஒரே இரண்டு நாட்கள். லாரி எப்படியும் வியாழக்கிழமைதான் வரும். பேக்கிங்கைச் செவ்வாய்க்கிழமையே முடித்தால் என்ன ஆகும்? பெட்டி இரண்டு நாள் வாசலில் நிற்கும். பேக்கிங்குக்கு ஆள் சேர்த்து, புது மேசை போட்டு, எல்லாரும் மும்முரமாக வேலை செய்து, வாடிக்கையாளருக்கு ஒரு மணிநேரம்கூட முன்னால் போய்ச் சேராது. உற்பத்தி மேலாண்மை பற்றி எழுதிய கோல்ட்ராட் 1984-லிருந்து சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: ஓட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் மிச்சமாகும் ஒரு மணிநேரம் முழு அமைப்புக்கும் மிச்சம், மற்ற இடத்தில் மிச்சமாவது வெறும் தோற்றம்.

ஆகவே ஒரு காரணத்தின் தாக்கம் என்று நான் எடுத்துக்கொள்வது: இதை மட்டும் நீக்கி மற்றதையெல்லாம் அப்படியே விட்டால், கடைசியில் எவ்வளவு நஷ்டம் உண்மையில் காணாமல் போகும்? எத்தனை பேர் அதைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள், எத்தனை முறை அது நடந்தது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

உங்கள் விஷயத்தில் இதைச் செய்வது கஷ்டமில்லை. தாமதமான ஆர்டர்களில் கொஞ்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், பெரிய வாடிக்கையாளருடையதை மட்டும் பொறுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் வந்த நேரம், கடன் அனுமதி, இருப்பு ஒதுக்கியது, எடுத்தது, பேக் செய்தது, லாரியில் ஏற்றியது, வாடிக்கையாளர் கையெழுத்து, இந்த நேரங்களை ஒரு எக்செல் வரியில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை நடந்த நேரம் வேறு, சும்மா கிடந்த நேரம் வேறு, இரண்டையும் தனித்தனியாக. பெரும்பாலும் கிடந்த நேரம்தான் பூதாகரமாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள்: இந்தக் காத்திருப்பு இல்லாமல் போயிருந்தால் ஆர்டர் குறித்த நாளில் போயிருக்குமா? ஆம், இல்லை. அந்த 'ஆம்'களைக் கூட்டுங்கள்.

மார்ச் 8, இரவு

ஓர் எச்சரிக்கை. ஒரு மாதத் தரவில் வந்த வரிசையை நம்பிவிடாதீர்கள். போன மாதம் முதலிடம், இந்த மாதம் மூன்றாமிடம், அடுத்த மாதம் மறுபடி முதலிடம் என்றால் அது வெறும் ஏற்ற இறக்கம். வழக்கமான ஏற்ற இறக்கத்தையும் தனியான நிகழ்வையும் பிரித்துக் காட்டத்தான் அமெரிக்கப் பொறியாளர் ஷூவார்ட் 1924-ல் கட்டுப்பாட்டு அட்டவணையைக் கொண்டுவந்தார். மாதத்துக்கு ஒரு காரணத்தைத் துரத்துகிற நிறுவனத்தில் எதுவும் முடிவுக்கு வராது, ஆட்கள்தான் களைத்துப்போவார்கள்.

மார்ச் 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, பாதிக் கட்டங்களுக்கு நேரப் பதிவே இல்லை, நஷ்டத் தொகையும் யாருக்கும் தெரியாது என்கிறார். அதற்காக நிற்க வேண்டாம். பதிவு இல்லாத கட்டத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்து, பெட்டி வந்தால் நேரம், போனால் நேரம் எழுதச் சொல்லுங்கள், கொஞ்ச நாளிலேயே படம் தெரியும். நஷ்டத்துக்கு ஒற்றை எண் கேட்காதீர்கள், யாரும் தரமாட்டார்கள், தந்தாலும் அது பாதுகாப்பான எண்ணாக இருக்கும். குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு காரணத்துக்கு 10 முதல் 20, இன்னொன்றுக்கு 30 முதல் 60 என்று வந்தால் வரிசை முடிவாகிவிட்டது, இதற்கு மேல் துல்லியம் தேவையே இல்லை. 10 முதல் 40, 20 முதல் 50 என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் மட்டும் அந்த இரண்டை இன்னும் தோண்டுங்கள். மூன்று தசம இடம் வரை கணக்குப் போட்டு ஒன்பதாவது காரணத்தையும் பத்தாவதையும் பிரிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

மார்ச் 12

எவ்வளவு ஆழம் தோண்டினால் 'மூலம்' என்று நிறுத்தலாம்? டொயோட்டாவின் தைச்சி ஓனோ சொன்ன உதாரணம் நினைவிருக்கும். இயந்திரம் நின்றது, ஏன்? ஃபியூஸ் போனது. ஏன்? சுமை கூடியது, பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. ஃபியூஸை மாற்றினால் சில மாதத்தில் மறுபடி நிற்கும், வடிகட்டி போட்டால் நிற்காது.

இதில் வரிசைப்படுத்துவதற்கு உதவும் ஒரு விஷயம் இருக்கிறது, அதிகம் பேர் பேசுவதில்லை. கீழே போகப் போக ஒரே காரணம் பல பிரச்சினைகளுக்குத் தீனி போடும். 'வடிகட்டி இல்லை' என்பதற்கும் கீழே 'இயந்திரம் வாங்கும்போது பராமரிப்புக்காரரைக் கேட்பதில்லை' என்று இருந்தால், அது வேறு பத்து இயந்திரங்களின் பழுதுக்கும் காரணமாக இருக்கும். அதனால் 27-ஐயும் ஒரே ஆழத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடுங்கள். ஒன்று மேலோட்டமாக, இன்னொன்று ஆழமாக எழுதியிருந்தால் ஆழமானது இயல்பாகவே பெரிதாகத் தெரியும், ஒப்பீடு கோணலாகிவிடும். அதற்காக முடிவில்லாமல் தோண்டினால் 'நிர்வாகக் கலாச்சாரம்' என்ற இடத்தில் போய் நிற்கும், அங்கே யாராலும் எதையும் கழற்றி மாட்ட முடியாது. இன்னாரால், இன்ன தேதிக்குள், இதை மாற்ற முடியும் என்று சொல்லக்கூடிய கடைசிப் படியில் நான் நிறுத்துவேன்.

இப்படி ஐந்து முறை 'ஏன்' கேட்பது ஒரே கோட்டில் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு ஏனுக்கும் இரண்டு மூன்று பதில் இருக்கலாம். எல்லாக் கிளையையும் எழுதிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

மார்ச் 14

இது கேட்ட கேள்விக்கு வெளியே போகிறது, இருந்தாலும் சொல்ல வேண்டும். தாக்கம் என்றால் யாருக்குத் தாக்கம்?

நான் பார்த்த ஒரு கிடங்கில் தவறான பாகம் போவது மிகக் குறைவு, அதனால் 'பாக எண்கள் குழப்பமாக இருக்கின்றன' என்பது எந்தப் பட்டியலிலும் மேலே வந்ததில்லை. ஏன் குறைவு என்றால், கிடங்கைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒவ்வொரு பெட்டியையும் தானே திறந்து சரிபார்த்துவிட்டு, தினமும் எல்லாரும் போன பிறகுதான் வீட்டுக்குப் போவார். நஷ்டம் முழுவதும் அவருடைய மாலை நேரத்தில் மறைந்திருந்தது. கணக்கில் ஒரு காசு தெரியாது. அவர் விடுப்பில் போன வாரம் எல்லாருக்கும் தெரிந்தது.

இப்படி யாரோ ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் காரணங்களைத் தேடுங்கள். வேலை முடிந்தும் உட்கார்ந்திருப்பவர் யார், சொந்தமாக ஒரு நோட்டில் தனிக் கணக்கு வைத்திருப்பவர் யார், எல்லாரும் சந்தேகம் கேட்க ஓடுவது யாரிடம்? அவர்களிடம் போய்ப் பேசினால் 28-ஆவது காரணம் கிடைக்கும், அது முதல் மூன்றுக்குள் வரும் என்றே நினைக்கிறேன். வாடிக்கையாளர் பக்கத்திலும் இப்படித்தான். சண்டை போடுகிறவர் இன்னும் உங்களிடம் வாங்க நினைக்கிறார். சொல்லாமல் போனவரின் நஷ்டம் புகார்ப் பதிவேட்டில் இல்லை, ஆறு மாதமாக ஆர்டர் வராத பெயர்களைத் தேடி எடுத்தால்தான் தெரியும்.

மார்ச் 26

அவர் எக்செல்லை அனுப்பினார். தாமதமான ஆர்டர்களில் பாதிக்கு மேல், கடன் அனுமதிக்காகக் காத்திருந்த நேரத்தை எடுத்துவிட்டால் குறித்த நாளில் போயிருக்கும். ஓட்டெடுப்பில் அதற்கு ஒரு ஓட்டும் விழவில்லை. பயிற்சி என்று எழுதியதைப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பகுதி, ஒரே பாகத்துக்கு இரண்டு எண் இருப்பதால் வந்த குழப்பம். 'தகவல் பரிமாற்றம்' என்பதிலும் ஒரு பகுதி, அனுமதி கிடைத்துவிட்டது என்று கிடங்குக்கு யாரும் சொல்லாததுதான்.

அனுமதி கொடுப்பவரை இதில் குற்றவாளியாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள். சின்ன ஆர்டரும் பெரிய ஆர்டரும் ஒரே வரிசையில் அவரிடம் போகிறது என்று எக்செல்லிலேயே தெரிகிறது, ஒழுங்காகப் பணம் கட்டிவரும் பழைய வாடிக்கையாளரின் சின்ன ஆர்டர் அவரிடம் போகவே வேண்டியதில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு எண்ணை எழுதி வையுங்கள்: இதை மாற்றினால் தாமதம் இத்தனை குறையும் என்று எதிர்பார்க்கிறோம். எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். குறையவில்லை என்றால் வரிசைப்படுத்தியதில் எங்கோ கோளாறு என்று அப்போதுதான் தெரியும், இல்லாவிட்டால் எது நடந்தாலும் வெற்றி என்று சொல்லிக்கொள்வோம்.

மார்ச் 27

'அது முடிந்ததும் பட்டியலில் இரண்டாவதை எடுக்கட்டுமா?' என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். கடன் அனுமதி சரியானதும் ஆர்டர்கள் கிடங்குக்கு இப்போதைவிட வேகமாக வந்து விழும், இன்று சும்மா இருக்கும் பேக்கிங் மேசை அன்று திணறலாம், லாரி நாட்கள் போதாமல் போகலாம். இன்றைய இரண்டாமிடம், முதல் காரணம் உயிரோடு இருந்தபோது எடுத்த கணக்கு. அதே நேரப் பதிவுத் தாள்களை எடுக்காமல் அப்படியே விட்டு வையுங்கள், மாற்றம் ஓடிப் பழகிய பிறகு புதிதாகத் தாமதமானவற்றை எடுத்து மறுபடி 'ஆம், இல்லை' போடுங்கள். கிடங்கில் பேனா தீர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்களே, ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.